மிதிக்காத பலகை

கீழ்பென்னாத்தூர் பாஞ்சாலையை எந்த வாய்க்காலும் நிறுத்தியதில்லை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைக்குப் போகிற மற்றவர்கள் பாலத்தைச் சுற்றிப் போவார்கள். இவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவு. அதைப் பார்த்துத்தான் டிரில் மாஸ்டர் சக்கரபாணி அவளை நீளம் தாண்டுதலில் சேர்த்தார். திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989 அது. புது மாவட்டத்திலிருந்து மாநில டீமுக்கு ஆள் எடுக்கும் போட்டிக்குச் சென்னை போன முதல் பெண் பாஞ்சாலைதான்.

அப்பா அர்ஜுனன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "டீமுல எடுத்தா ஓடு. எடுக்கலன்னா தை மாசம் கல்யாணம்."

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுதான் உண்டு. சென்னையில் மணல் குழிக்கு முன்னால் வெள்ளையடித்த பலகைக் கட்டை ஒன்றைத் தரையில் பதித்திருந்தார்கள். பாஞ்சாலை கண்ணுக்கு அது கட்டையாகவே படவில்லை. அச்சு அசல் வாசற்படி! படியை மிதித்தால் லட்சுமி போய்விடுவாள் என்று, நடை பழகிய நாளிலிருந்து தொடையில் அடித்துச் சொல்லி வளர்த்தவள் அம்மா கன்னியம்மாள். பெரிய கோயிலிலும் கோபுர வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தாண்டித்தான் பழக்கம். இங்கேயும் பாஞ்சாலை குனிந்து கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சென்னைப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

ஓடினாள். கட்டைக்கு ஒரு சாண் முன்னாலேயே கால் தானாக எழும்பிவிட்டது.

"கட்டை மேல கால வைம்மா! அங்கருந்துதான் அளப்பாங்க!" என்று சக்கரபாணி தொண்டை கிழியக் கத்தினார்.

அடுத்ததும் அப்படியே. கடைசித் தாவலில் மிதித்தே தீருவதென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். மனசு சொன்னதைக் கால் கேட்கவில்லை. தாண்டியது ஜாஸ்தி, அளந்தது கம்மி. நாலு விரற்கடையில் டீம் கைநழுவியது. அந்த ஒரு சாணை வாங்கிக்கொண்டு லட்சுமி என்ன சாதித்தாளோ, எனக்குத் தெரியாது.

திரும்புகிற பஸ்ஸில் மாஸ்டர் கேட்டார். "ஏம்மா மிதிக்கல?"

"படி சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

தையில் திருவண்ணாமலை ஆட்டோக்காரன் குமரேசனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தவளைப் பார்த்து மாமியார் ராணியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "படியில கால் படாம வந்தா பாரு! வளத்த வளப்பு அப்படி." பாஞ்சாலைக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அப்புறம் செங்கம் ரோட்டு லாட்ஜில் ரூம் கூட்டுகிற வேலை. வாளி தூக்கித் தூக்கி முட்டி வீங்கியது. மாமியாரும் போய்ச் சேர்ந்தாள். 2003இல் ஒருநாள் லாட்ஜ் டிவியில் யாரோ ஒரு பெண் ஓடி வந்து, கட்டையைச் சடாரென்று மிதித்து எழும்பினாள். பாஞ்சாலை துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா, பாத்துகினே நிக்கிற?" என்றார் மேனேஜர்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். யாருமில்லை. மஞ்சள் பூசிய வாசற்படிமேல் வலது காலை அழுத்தி வைத்தாள். இடது காலையும் வைத்தாள். ஏறி நின்று காத்திருந்தாள். தெருவில் தண்ணீர் லாரி போனது. அவ்வளவுதான்.

அதே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பக்கத்து வீட்டு வள்ளி பதறி ஓடி வந்தாள். "இன்னாக்கா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல வள்ளி," என்றாள் பாஞ்சாலை. "மிதிச்சா ஒண்ணுமே ஆவல."