மண்டபம் லவாலில், பெட்டை பனிக்கட்டியில்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, பார்க் எக்ஸ்டென்ஷனில் கோப்பை கழுவத் தொடங்கி, அதே தெருவில் சொந்தமாய்ச் சாப்பாட்டுக்கடை போட்டு, இப்ப பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி இருக்கிறன். படிச்ச ஆக்களும் வீடு வாங்கமுதல் என்னட்டைத்தான் யோசனை கேட்பினம். எனக்கு விளங்காத விசயம் எண்டு ஒண்டும் இருக்கேல்லை, என்ர பேத்தி பனிக்கட்டியில் இறங்குமட்டும்.

வட்டமாய்ச் சுத்திச் சுத்தி வேகமாய்ச் சறுக்கிற போட்டி அது. ஆறு வயதில் தொடங்கினவள். மகனுக்கு இரவு வேலை, மருமகள் விடியவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுவா. ஆகையால் காலமைப் பயிற்சிக்குக் கார் ஓட்டினது நான்தான். பயிற்சி முடியச் சப்பாத்தைக் கழட்டினால் கால்விரலெல்லாம் வெளிறி விறைச்சிருக்கும். காருக்குள் சூடு பட்டு ரத்தம் திரும்பி ஓடேக்கைதான் நோகும். வீடு வருமட்டும் அழுவாள். வாசலில் இறங்கேக்கை மூக்கைத் துடைச்சுக்கொண்டு, "அப்பப்பா, நாளைக்கும் வாறீங்கள்தானே?" எண்டு கேட்பாள்.

இதுதான் எனக்கு விளங்கேல்லை. நான் இந்தக் குளிரில் நடந்தது வயித்துக்காக. இவளுக்கு ஃபிரிட்ஜ் நிறையச் சாப்பாடு. வருசக்கணக்காய் எந்தப் போட்டியிலும் கடைசிதான். "விடு பிள்ளை" எண்டால், "நீங்கள் விட்டனீங்களோ?" எண்டு திருப்பிக் கேட்பாள். ஆனால் கடையில் வாறவையிட்டை, "என்ர ரத்தம், விடமாட்டாள்" எண்டு சொல்லுவன்.

மெல்ல மெல்ல முன்னுக்கு வந்து, பதின்மூண்டு வயதில், மாகாண அணிக்கு ஆள் எடுக்கிற போட்டிக்கு அவளையும் கூப்பிட்டினம். எண்டைக்கு எண்டு நான் கேட்கேல்லை. நான் அதே கிழமைகளில் அவளின்ர சாமத்தியச் சடங்குக்கு ஓடித் திரிஞ்சன். பெட்டை பெரிசாகிக் கனகாலம், இங்கை மண்டபம் கிடைக்கிற நாளில்தானே செய்யிறது. ஐயரிட்டை நாள் கேட்டு, லவாலில் மண்டபம் எடுத்து, கார்ட் அடிச்சு, ரொறொன்ரோ ஆக்களுக்கும் சொல்லிப்போட்டுத்தான் வீட்டில் சொன்னன். எதையும் முடிச்சுப்போட்டுச் சொல்லுறதுதான் என்ர வழக்கம்.

பேத்தி கார்டைப் பார்த்தாள்.

"அண்டைக்கு எனக்கு வரேலாது, அப்பப்பா."

"உன்ர சடங்குக்கு உனக்கு வரேலாதோ?"

"அண்டைக்குத்தான் ஆள் எடுக்கினம். விட்டால் அடுத்த வருசம்தான்."

ரொறொன்ரோவில் இருக்கிற தங்கச்சி போனில் கத்தினாள். "அண்ணை, பெட்டை இல்லாமல் ஆருக்குத் தண்ணி வார்க்கிறது? உங்களுக்கோ?"

சடங்கை நிப்பாட்டினால் சபையில் என்ர மரியாதை போகும். அவளை நிப்பாட்டினால் அத்தனை வருசம் அழுத அழுகை வீண். பின்னேரத்துக்கு மாத்தலாமோ எண்டால், காலமைதான் நல்ல நேரம் எண்டு ஐயர் நிண்டார். பால் வாங்கத் தெப்பனர் எண்ட மூலைக்கடைக்குப் போய்ப் பாணோடு திரும்பி வந்தன். கடைசியில், "நீ போ. வாற சனம் சாப்பிட்டுப் போகட்டும்" எண்டன். சரியோ பிழையோ தெரியாமல்தான் சொன்னன்.

அண்டைக்கு மண்டபம் நிறையச் சனம். சோடிச்ச கதிரையில் ஆளில்லை. எல்லாரும் அதையே பார்க்க, நான் மைக்கைப் பிடிச்சன். "என்ர பேத்தி மாகாண அணிக்கு ஓடுறாள். வெண்டுபோட்டு நேரை இங்கைதான் வருவாள்!"

சொல்லி வாய் மூடேல்லை, அவளோடு போன மகன் போன் அடிச்சான். "அப்பா, கடைசி வளைவில விழுந்திட்டாள். எழும்பி ஓடி முடிச்சவள். ஆனால் அணிக்கு எடுக்கேல்லை."

சனம் என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிக்குது. "விழுந்திட்டாளாம்," எண்டன். "எழும்பி முடிச்சவளாம்." கை தட்டிச்சினம். பாவம் பார்த்தோ, பகிடிக்கோ, மெய்யாகவோ, இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

சனம் சாப்பிடேக்கை பேத்தி, வாய்க்குக் கீழை நாடியில் பிளாஸ்டரோடு வந்து இறங்கினாள். அழுவாள் எண்டு நினைச்சன். ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டாள். "அப்பப்பா, அடுத்த வருசமும் ஓடுவன்" எண்டாள்.

"பேந்தும் விழுந்தால்?" எண்டு தங்கச்சி நக்கலாய்க் கேட்டாள்.

"பேந்தும் எழும்புறது."

ஏசுறதோ பெருமைப்படுறதோ எண்டு தெரியாமல் நிண்டன். ஐயர் பக்கத்தில் வந்து, சடங்குக்கு வேறை நாள் எப்ப பார்ப்பம் எண்டு கேட்டார்.

"பிள்ளையைக் கேளுங்கோ" எண்டுபோட்டு, சோறு எல்லாருக்கும் காணுமோ எண்டு பார்க்கக் குசினிப் பக்கம் போனன்.