படங்குக்குக் கீழே ஒரு பாலைவன முருங்கை

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆனாலும் இலங்கை மலையகத்து ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தனியாளாக மாட்டுக்கொட்டகை கட்டினேன். ஒரு செடி எனக்கு எம்மாத்திரம் என்ற திமிர்.

தொண்ணூறுகளில் சவூதியில் வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய என் மனைவி, அங்கே பாலைவனத்தில் வெள்ளையாகப் பூக்கும் முருங்கையின் விதை மூன்றைக் கொண்டுவந்தாள். மூன்றும் முளைத்தன. தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன், தேயிலை உரமும் போட்டேன். இரண்டு அழுகிச் செத்தன.

அடைமழை நாளொன்றில் கொழுந்து எடுத்துவிட்டு வந்தவள் தொப்பலாக நனைந்திருந்தாள். மழைக்கு இடுப்பில் சுற்றிக் கட்டும் தார்ப்பாய்ப் படங்கைக் காணோம்.

"படங்கு எங்க புள்ள?"

"ஒங்க கொட்டகைக்குப் பின்னால போய்ப் பாருங்க."

மிஞ்சிய கன்றைச் சுற்றி நான்கு குச்சி நட்டு, படங்கைக் கூரையாகக் கட்டியிருந்தாள்.

"அங்க அதுக்கு யாருங்க தண்ணி ஊத்துனா? நீங்க ஊத்துனதே ஏழு வருசத்துக்குப் போதும்," என்று பல் கிடுகிடுக்கச் சிரித்தாள்.

அன்றே வாளியைக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் தகரக் கூரை போட்டு, படங்கை அவளிடம் கொடுத்தேன். கன்று வளர வளரக் கம்பை மாற்றித் தகரத்தை உயர்த்தினேன். மூன்றாம் வருடம் வெள்ளையாகப் பூத்தது.

பார்க்க வருகிறவர்கள் அவளைத்தான் மெச்சுகிறார்கள். மெச்சட்டும், நியாயந்தான். ஆனால் அந்தத் தகரம் நான் போட்டது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.