மாசாய் வாழ்த்து

அத்தைக்குப் பிள்ளை பிறந்த முப்பதாம் நாள், பெயர் வைக்கும் விசேஷத்துக்காக மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் போனோம். எனக்குப் பத்து வயது. பள்ளி நூலகத்தில் எடுத்த ஆப்பிரிக்கப் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, வீட்டில் எல்லோரையும் அறுத்துக்கொண்டிருந்த காலம்.

எரிச்சல் எனக்கு வாசலிலேயே தொடங்கிவிட்டது. வந்தவர்கள் எல்லாம் ஒரே பாட்டு: என்ன கலரு, என்ன மூக்கு. கேமரா செல்போனை மூஞ்சிக்கு நேரே நீட்டிப் படம் வேறு. கண் பட்டுவிடும் என்று அத்தை ஒவ்வொரு முறையும் முந்தானையால் பிள்ளையை மூடினாள். அவள் வைத்த மைப்பொட்டை, போட்டோவில் அசிங்கமாகத் தெரிகிறதென்று மாமா துடைத்துவிட்டார். "பிச்சைன்னு வைங்க, போதும்" என்று அவள் கெஞ்சியும் கேட்காமல், நியூமராலஜி பார்த்து நீளமாக ஒரு பெயரைப் பிடித்து வைத்திருந்தார். படித்தவராம்.

நானும்தான் படித்திருந்தேன். மாடு மேய்க்கும் மாசாய் மக்கள், பச்சைப் பிள்ளையைப் புகழ்ந்தால் கெடுதல் வருமென்று நம்பி, மோசமான பிள்ளை என்று வைவார்களாம், மேலே துப்புவார்களாம். அதுதான் அவர்கள் ஆசீர்வாதம். இத்தனை பேரில் ஒருவருக்காவது இந்த விவரம் தெரிய வேண்டாமா?

என் முறை வந்தது. தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, கூடம் முழுக்கக் கேட்கும்படி, "ச்சீ, இவ்ளோ அசிங்கமான புள்ளய நான் பாத்ததே இல்ல" என்றேன். பிறகு துப்பினேன்.

அம்மா விட்ட அறையில் காது குய்யென்றது. புத்தகத்தில் இருக்கிறதென்று நான் கத்தக் கத்த, மாமா என்னைத் தரதரவென்று இழுத்துப்போய்ப் பின்னறையில் உட்காரவைத்தார். நல்லது செய்யப்போனால் இதுதான் மரியாதை. வடைகூடக் கிடைக்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் அத்தை பிள்ளையோடு வந்தாள். அடுத்த அடி என்று நினைத்துக் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையை என் மடியில் கிடத்தினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

"எத?"

"அசிங்கம்னு சொன்னியே, அத. துப்பவும் செய்யி."

எனக்கு ஆத்திரமாக வந்தது. இதைக் காலையிலேயே எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்திருந்தால் நான் அடி வாங்கியிருப்பேனா? வேண்டாவெறுப்பாக முனகிவிட்டு, எச்சில் இல்லாமல் துப்பினேன்.

"சரியா துப்புடி" என்றாள். பிள்ளையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

என்னைச் சமாதானப்படுத்தத்தான் இப்படி விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இதற்கு முன் பிறந்த இரண்டும் பெயர் வைக்கும் நாளைப் பார்க்காமலே போனதை, யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.