வரப்பில் நின்று கேட்ட மேளம்: நன்னிலம் பக்கம் ஒரு சனி, ஞாயிறு

இலவசம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஈரோட்டில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். "ரெண்டு மாத்திரைதானே, சும்மா குடுங்க" என்பவர்களைத் தினமும் பார்க்கிறவளுக்கு அந்தச் சொல் மேல் எப்படிப் பிரியம் வரும்? எங்கள் கடைக்கு எதிரே உள்ள மருத்துவமனையில் தமிழரசி என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். நன்னிலம் பக்கத்துப் பெண். "எங்க தெருவுல மாசி மாசம் ரெண்டு நாள் மேளம், பாட்டெல்லாம் நடக்கும்க்கா. டிக்கெட்டெல்லாம் கிடையாது, வாங்க" என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டாள். நானும் மூன்று வருடமாக ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தேன். போன மாசியில் கடைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தார்கள். அந்த வாசனை எனக்கு ஆகாது. போய்த்தான் பார்ப்போமே என்று கிளம்பிவிட்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து மயிலாடுதுறை போகும் பகல் ரயிலில் சனிக்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில் ஈரோட்டில் ஏறினேன். டிக்கெட் நூற்று எழுபது ரூபாய். திருச்சி தாண்டியதும் இடது பக்க ஜன்னல், வலது பக்க ஜன்னல் என்று தேட வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் வயல்தான். பூதலூர் வந்தபோதே என் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அறுவடை முடிந்த நிலம் காய்ந்து கிடக்கும் என்று நினைத்திருந்தேன். எல்லா வயலிலும் அறுத்த தாளுக்கு நடுவே பச்சையாக ஏதோ குட்டையாக முளைத்திருந்தது. எதிர் இருக்கைக்காரர் உளுந்து என்றார். மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. பிறகு இரண்டு நாளும் அந்த உளுந்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மயிலாடுதுறையில் இறங்கும்போது மணி ஒன்றே முக்கால். சாப்பாடு தொண்ணூறு ரூபாய், ரசம் நன்றாக இருந்தது, பொரியல் சுமார். அங்கிருந்து நன்னிலத்துக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் பத்து நிமிடம், இருபத்தெட்டு ரூபாய். நன்னிலத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் டவுன் பஸ். அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இலவசத்தைத் திட்டிக்கொண்டே வந்தவள் வாயை மூடிக்கொண்டு சீட்டை வாங்கினேன். "வயல்மேளத்துக்கா போறீங்க? எறங்கி வாய்க்கா கரையோட நேரா நடங்க, சத்தம் கேக்கும்" என்றார் கண்டக்டர்.

இறங்கி நடந்தேன். எண்ணூறு மீட்டர். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

தெரு முனையில் இரண்டு கட்சிக் கொடிக்கம்பங்கள், ஒன்றை விட ஒன்று அரை அடி உயரம். அவற்றைத் தாண்டினால் தோரணம் இல்லை, பேனர் இல்லை. வயல்மேளத்துக்குத் தலைவரும் கிடையாது, சிறப்பு விருந்தினரும் கிடையாது என்று தமிழரசி முன்பே சொல்லியிருந்தாள். ஆனால் சனிக்கிழமை மாலை நாலேகாலுக்கு ஆரம்பித்திருக்க வேண்டிய மேளமும் இல்லையே. வாய்க்கால் கரையில் முந்நூறு பேர், அதில் சிலர் பறையும் கையுமாக, நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் கீழே இருந்த ஒரு வயலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயல் முழுக்க உளுந்து, மஞ்சளாகப் பூ விட்டிருந்தது.

முதல் நாளே ஊருக்கு வந்துவிட்ட தமிழரசி என்னைப் பார்த்து ஓடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. "அப்பா ஒரு காரியம் பண்ணிட்டாருக்கா" என்றாள்.

அவள் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் சம்பா நெல்லை அறுப்பதற்குப் பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்து விதையைக் கையால் தெளித்துவிடுவார்களாம். நெல்லை அறுத்தெடுத்ததும் அந்த ஈரத்தில் உளுந்து வந்துவிடும். அப்படி எல்லா வயலிலும் தெளித்துவிட்டால் மேளம் அடிக்க இடம் ஏது? அதனால் தெருவில் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு குடும்பம் தன் வயலில் ஒன்றை உளுந்து தெளிக்காமல் சும்மா விட வேண்டும். அந்த வருட மேளம் அங்கே. விட்ட விளைச்சலுக்கு யாரும் பணம் கொடுப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. இந்த வருடம் தமிழரசி வீட்டு முறை.

அவள் அப்பா கோவிந்தராசு பதினைந்து வயதிலிருந்து உளுந்து தெளிக்கிறவர். இடுப்பில் விதைக் கூடையோடு பக்கத்து வயலைத் தெளித்து முடித்து, வரப்பைத் தாண்டி, பழகிய கை பழகினபடியே சும்மா விட வேண்டிய இந்த வயலிலும் தெளித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கூடையை வைத்தபோதுதான் நினைவு வந்ததாம். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இது மறைக்கக்கூடிய தப்பா? அறுவடை முடிந்த ஒரு வாரத்தில் அரை ஏக்கரும் பச்சைப் பசேலென்று நின்று அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. என்ன செய்வது என்று தெரு ஒரு முடிவுக்கு வருவதற்குள் மேள நாளும் வந்துவிட்டது.

பள்ளிக்கூட மைதானத்தில் வைக்கலாமே என்று நான் கேட்டேன். வெளியூர்க்காரி கேட்கிற கேள்விதான். அது ஆகாது என்று தமிழரசி விளக்கினாள். இந்த வயல்களெல்லாம் ஒரு காலத்தில் பண்ணைக்குச் சொந்தம். இந்தத் தெருக்காரர்கள் அதில் கூலிக்கும் குத்தகைக்கும் உழைத்தவர்கள். பறையை அவர்கள் விருப்பத்துக்கு அடிக்க முடியாது, பிறர் வீட்டுச் சாவுக்குத்தான் அடிக்க வேண்டும். வருடக்கணக்காகச் சண்டை போட்டு, கேஸ் நடத்தி, கடைசியில் பட்டா கைக்கு வந்த அன்று மாலை, தங்கள் வயலில் தங்கள் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, யாருடைய சாவும் இல்லாமல் அடித்தார்கள். அதுதான் முதல் வயல்மேளம். வேறு இடத்தில் வைத்தால் அது வேறு ஏதோ கச்சேரி.

பெயின்ட் வாசனைக்குப் பயந்து வந்தவள் நான், ஆனாலும் அந்த மேளம் நின்றுவிடக் கூடாது என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

கோவிந்தராசு கூட்டத்தைப் பார்த்து, தப்பு தன்னுடையது, எல்லோரும் இறங்கி ஆடுங்கள், மிதிபட்டால் படட்டும் என்றார். யாரும் அசையவில்லை. அவரே வரப்பிலிருந்து குனிந்து ஓரத்துச் செடி ஒன்றைப் பிடுங்கப் போனார். அவர் மனைவி அஞ்சம்மா கையைப் பிடித்துவிட்டார். அறுபது வயது இருக்கும். அதே தெருவில் பிறந்து அதே தெருவில் வாழ்க்கைப்பட்டவர். குரலை உயர்த்தாமல்தான் பேசினார், ஆனால் கரை முழுக்கக் கேட்டது.

"எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். எங்கப்பா நட்ட பயிருல பண்ணை ஆளுங்க மாட்ட அவுத்து விட்டாங்க. எங்கப்பா இந்த வரப்புலதான் நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு, ஒண்ணும் பண்ண முடியல. அப்ப மாடு மிதிச்சுச்சு. இப்ப நம்ம காலாலயே மிதிக்கணுமாங்க?"

பிறகு மேளத்தை நடத்துகிற ராசேந்திரன் பறையைத் தோளில் மாட்டினார். பக்கத்து ஊர்ப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார் அவர். "அப்ப வரப்புல நிப்போம். நாலு பக்கமும் நில்லுங்க. உள்ள ஒரு கால் படக் கூடாது" என்றார்.

இப்படித்தான் நடுவில் ஒருவருமே இல்லாத ஒரு விழாவைப் பார்த்தேன். நாலு வரப்பிலும் பத்துப் பத்துப் பறை, வாய்க்கால் கரையில் நாகஸ்வரமும் தவிலும், மிச்ச ஜனம் பின்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற வரப்புகளில். நடுவே உளுந்து. உண்மையைச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை மேளம் சரியாக வரவில்லை. எதிர் வரப்பு நாற்பத்தைந்து மீட்டர் தள்ளி இருந்தது. அங்கே விழுகிற அடி இங்கே வந்து சேர்வதற்குள் ஒரு கணம் தவறிப்போகிறது. இவர்கள் அதற்காகக் காத்திருந்தால் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ராசேந்திரன் மூன்று முறை நிறுத்தி மூன்று முறை ஆரம்பித்தார். கோவிந்தராசு தலையைக் குனிந்துகொண்டு கரையோரம் உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக எட்டரைக்கு முடிப்பவர்கள் அன்று ஏழு மணிக்கே பறையை இறக்கினார்கள்.

ராத்திரி தமிழரசி வீட்டில் தங்கினேன். ஒரு ஆட்சியின் முத்திரை போட்ட டிவி, இன்னொரு ஆட்சியின் முத்திரை போட்ட மின்விசிறி, இரண்டும் ஒரே அறையில் சண்டையில்லாமல் இருந்தன. கோவிந்தராசு சாப்பிடவில்லை. அஞ்சம்மா தட்டில் சோற்றைப் போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். காலையில் தட்டு காலியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போனபோது ராசேந்திரன் வேறு யோசனையோடு நின்றார். எல்லோரும் சேர்ந்து அடிக்க வேண்டாம், அடியைக் கை மாற்றுவோம் என்றார். கிழக்கு வரப்பு அடித்து முடிக்கிற இடத்தில் தெற்கு எடுக்க வேண்டும், தெற்கு முடிக்கிற இடத்தில் மேற்கு. காதை நம்பாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் கையைப் பாருங்கள். காலை முழுக்க இதையே பழகினார்கள்.

சாயங்காலம் நாலேகாலுக்கு ஆரம்பித்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மேளம் வயலைச் சுற்றி ஓடியது. கிழக்கில் பிறந்து, என் முதுகுப் பக்கம் வந்து, என் காலடியில் வரப்பு அதிர, என்னைத் தாண்டி மேற்கே போய், திரும்பவும் கிழக்கிலிருந்து வந்தது. சுற்றச் சுற்ற வேகம் கூடியது. யார் அடிக்கிறார்கள் என்று பார்க்கவே முடியவில்லை. அந்த உளுந்து வயல்தான் தன்னைச் சுற்றி அதை இழுத்துக்கொண்டிருந்தது போல இருந்தது. டிசம்பரில் சென்னை போய் முதல் வரிசையில் உட்கார்ந்து எவ்வளவோ கேட்டிருக்கிறேன். இப்படி வாய் பிளந்து நின்றதில்லை. எனக்குக் கண் கலங்கியது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. பிறகு பெண்கள் ஒரு வரப்பில் வரிசையாக நின்று நடவுப் பாட்டுப் பாடினார்கள். குனிந்து பாடிப் பழகிய பாட்டாம், நிமிர்ந்து நின்று பாடும்போது மூச்சு நிறைய மிஞ்சுகிறது என்று சிரித்தார் அஞ்சம்மா.

வழக்கமாகக் கடைசியில் எல்லோரும் வயலில் இறங்கிப் புழுதி பறக்க ஆடுவார்களாம். இந்த முறை ஒருவர் பின் ஒருவராக வரப்பிலேயே ஆடிக்கொண்டு வயலைச் சுற்றி வந்தார்கள். முந்நூறு பேர், ஒன்றரை அடி வரப்பு. குழந்தை இடுப்பில் இருந்த பெண்கள்கூட ஒரு அடி பிசகவில்லை. கோவிந்தராசுவையும் யாரோ பிடித்து வரிசைக்குள் விட்டார்கள். என்னையும் இழுத்தார்கள். நானும் ஆடினேன். வடக்கு மூலை திரும்பும்போது என் செருப்பு வழுக்கி, உள்ளே விழுந்தேன்.

மேளம் நின்றுவிட்டது. இரண்டு நாளாக முந்நூறு பேர் காத்த வயலில் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால் இன்னும் நசுங்குமோ என்று எழவும் பயம். நாலு செடி எனக்கு அடியில். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். அஞ்சம்மா வரப்போரம் உட்கார்ந்து கையை நீட்டித் தூக்கிவிட்டார். செடிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் மண்ணைச் சேர்த்து விரலால் அழுத்தினார். நான் அழுதுகொண்டே என்னவோ உளறினேன், விலை கொடுக்கிறேன் என்றுகூடச் சொல்லியிருப்பேன். "அழுவாதீங்கம்மா. நீங்க விழுந்தீங்க, மிதிக்கலையே" என்றார். சொல்லிவிட்டு ராசேந்திரனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மேளம் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. என்னை நடுவில் விட்டு, முன்னால் அவரும் பின்னால் தமிழரசியுமாக மிச்சச் சுற்றையும் ஆட வைத்துத்தான் விட்டார்கள். செருப்பு இல்லாமல்.

போக நினைப்பவர்களுக்கு: மாசியில் எந்த வாரம் என்பது அறுவடையைப் பொறுத்தது, நன்னிலத்து டவுன் பஸ் கண்டக்டர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பகுதியில் லாட்ஜ் கிடையாது, மயிலாடுதுறையில் அறை எடுத்துக்கொண்டு போய் வரலாம், மாலை மேளம் முடிந்ததும் பஸ் இருக்கிறது. தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். சாப்பாடு தெருவில் பொதுவாகச் சமைக்கிறார்கள், பணம் வாங்க மாட்டார்கள், நீட்டவும் செய்யாதீர்கள். அரிசி, பருப்பு என்று ஏதாவது கொண்டுபோய்ச் சமைக்கிற இடத்தில் வைத்துவிடுங்கள். எனக்கான மொத்தச் செலவு போக வர ஐந்நூற்று அறுபது ரூபாய். அடுத்த வருடம் சும்மா கிடக்கிற வயல் இருக்குமா, வரப்பிலேயே நிற்பார்களா என்று கேட்டேன். இனி உளுந்தை நடுவில் வைத்தே அடிக்கலாம் என்று பாதித் தெரு சொல்கிறதாம், புழுதி இல்லாமல் என்ன மேளம் என்கிறதாம் மீதித் தெரு. எப்படி இருந்தாலும் வரப்பில் செருப்போடு ஏறாதீர்கள்.

சித்திரையில் மறுபடியும் ஊருக்குப் போய்த் திரும்பிய தமிழரசி கடைக்கு வந்து ஒரு துணிப்பையைக் கவுண்டரில் வைத்தாள். இரண்டு கிலோ இருக்கும், கறுப்பு உளுந்து, புதுசு. எவ்வளவு ஆயிற்று என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"அம்மா சொல்லச் சொன்னாங்கக்கா. உங்க நாலு செடியும் நிமிந்து காச்சிருச்சாம். அதுவும் இதுலதான் இருக்காம்."