அன்னக்கொடியின் கைராசி

ஆண்கள் நாலு பேர் சேர்ந்து எதையாவது குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் அன்னக்கொடிக்கு இளக்காரம் பொங்கிக்கொண்டு வரும். கிணறு தூர்ந்தாலும் சரி, மாடு படுத்தாலும் சரி, முதலில் குனிவார்கள். பிறகு இடுப்பில் கையை ஊன்றி நிமிர்வார்கள். ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். செக்கானூரணியில் பிறந்து கீழக்குயில்குடியில் வாக்கப்பட்டவள் அவள். இரண்டு ஊரிலும் இந்த விஷயத்தில் வித்தியாசம் எதையும் அவள் காணவில்லை.

அவள் புருசன் வெள்ளைத்துரை. பேர் வைத்த நேரமோ என்னவோ, யாராவது 'துரை' என்று நீட்டிக் கூப்பிட்டால் போதும், கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவான். முப்பத்தேழாம் வருசம் மலைத்தோட்டத்து வெள்ளைக்காரன் ஒருவன் சீமைக்குத் திரும்பும்போது தன் மோட்டார் சைக்கிளை விற்றான். அவனே அதைப் பழசாக வாங்கியவன். வெள்ளைத்துரை உழவு மாடு இரண்டையும் ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு, கழுத்தில் மாலையோடு அந்த வண்டியைக் காளவாசலிலிருந்து வீடுவரைக்கும் உருட்டிக்கொண்டு வந்தான். ஓட்ட அவனுக்குத் தெரியாது. அது ஒரு சின்ன விஷயம் என்பதுபோல நடந்து வந்தான்.

"மாட்டை வித்துட்டீக. கெணத்துல கவலை இறைக்க இதையா கட்டப்போறீக?" என்று கேட்டாள் அன்னக்கொடி.

"ஒனக்கென்ன புள்ள தெரியும், இது நாலு குதிரை பலம்" என்றான்.

"அப்ப ஒரு குதிரையை மட்டும் அவுத்துக் குடுங்க. வயக்காடு காயுது."

மாமியார் செல்லத்தாய்க்கு இந்தப் பேச்சு ஆகவில்லை. மகன் மாலையும் வண்டியுமாக வந்து நின்றதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. மருமகளுக்குக் கண்ணும் கலங்கவில்லை, வாயும் அடங்கவில்லை. அன்றைக்கே அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

ஒரு வழியாக வெள்ளைத்துரை ஓட்டப் பழகினான். சரஸ்வதி பூசை வரைக்கும் வண்டி நன்றாகவே ஓடியது. பூசையன்று செல்லத்தாய் சொன்னபடி அன்னக்கொடி சந்தனம் அரைத்து, கைப்பிடி, விளக்கு, சக்கரம் என்று எல்லாவற்றிலும் பொட்டு வைத்தாள். பெட்ரோல் டேங்கின் உச்சியில் வட்டமாக ஒரு மூடி இருந்தது. நெற்றிமாதிரி அது ஒன்றுதான் எடுப்பாகத் தெரிந்ததால், அதில் மட்டும் சந்தனத்தைக் கட்டியாக இட்டு நடுவில் குங்குமம் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் இதேபோல் செய்யவேண்டும் என்று செல்லத்தாய் உத்தரவு போட்டாள்.

அதற்குப் பிறகுதான் பிடித்தது சனியன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது சிங்கம்போல் கிளம்புகிற வண்டி, நாகமலை புதுக்கோட்டையை நெருங்கும்போது இருமும், இரண்டு தரம் பின்னால் தும்மும், நின்றுவிடும். வெள்ளைத்துரை இறங்கி மூடியைத் திறந்து பார்ப்பான். பெட்ரோல் தளதளவென்று இருக்கும். மூடியைப் போட்டுவிட்டு உதைத்தால் கிளம்பும். மறுபடி கொஞ்ச தூரம் போய் அதே இருமல். களை எடுக்கிற பெண்கள் அந்த நேரத்துக்கு நிமிர்ந்து பார்க்கப் பழகிக்கொண்டார்கள்.

காளவாசலில் முத்திருளன் என்று ஒரு மெக்கானிக் இருந்தான். பஸ் கம்பெனி ஒன்றில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவன், துடைத்தது போதும் என்று செங்கல் காளவாய்க்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு மெக்கானிக் ஆகிவிட்டான். அவனைக் கூட்டிவந்தால் கோழி அடிக்கவேண்டும். முற்றத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, இஞ்சினில் காது வைத்துக் கேட்பான். சாமி வந்தவன் குறி சொல்லப்போவதைப்போல வெள்ளைத்துரையும் இன்னும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நிற்பார்கள்.

"பிளக்கைப் பாருங்கண்ணே, வெள்ளையா வெந்து கெடக்கு. எண்ணெய் பத்தல. ஜெட்டுல அடைப்பு, இல்லாட்டி ஓட்டை சிறுசு" என்றான் முத்திருளன்.

ஜெட்டு என்பது கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் ஒரு பித்தளைத் திருகு. அதன் நடுவில் இருக்கிற மயிரிழை ஓட்டை வழியாகத்தான் பெட்ரோல் இஞ்சினுக்குப் போகவேண்டும். முத்திருளன் அதைக் கழற்றி, சாக்குத் தைக்கிற ஊசியை விட்டுக் குடைந்து ஓட்டையைப் பெரிசாக்கினான். முற்றத்தில் கிளப்பிப் பார்த்தார்கள். கரும்புகை கக்கிக்கொண்டு அமர்க்களமாக உறுமியது. மூடியை அதற்கு முன் பலதரம் திறந்து திறந்து பார்த்திருந்தார்கள் என்பது யாருக்கும் ஒரு பொருட்டாகப் படவில்லை. கோழியைத் தின்றுவிட்டு முத்திருளன் போனான். மறுநாள் புதுக்கோட்டையில் வண்டி நின்றது. அடுத்த தரம் ஓட்டையில் ஈயம் வைத்து அடைத்துச் சின்னதாக்கினான். அதற்கடுத்து மறுபடி குடைந்தான். நாலைந்து கோழி போயிற்று. ஜெட்டு மட்டும் பாவம், வாய்விட்டு அழத் தெரியாத பித்தளை.

தையில் அன்னக்கொடியின் சித்தப்பா இறந்துபோனார். காரியம் முடியும்வரை அவள் செக்கானூரணியில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அந்தச் சமயத்தில் முத்திருளன் டேங்கைக் கழற்றி, மூடியோடு சேர்த்து மண்ணெண்ணெயில் கழுவி மாட்டினான். செல்லத்தாய்க்குக் குனிந்து செய்கிற வேலை ஆகாது என்பதால் வெள்ளிக்கிழமைச் சந்தனமும் நின்றிருந்தது. வண்டி புகை விட்டது, ஆனால் நிற்கவில்லை. வெள்ளைத்துரை மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் போய் வந்தான். வேலை ஒன்றும் இல்லை, சும்மா போய் வந்தான்.

அன்னக்கொடி திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை சந்தனம் வைத்தாள். சனிக்கிழமை வண்டி நின்றது.

செல்லத்தாய்க்கு இதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை. "இவ கை பட்டாத்தான்டா படுக்குது. இவ இல்லாத நாள்ல குதிரையா ஓடுச்சுல்ல" என்றாள். முத்திருளனைக் கேட்டார்கள். ஜெட்டு கெட்டுவிட்டது என்று ஒப்புக்கொள்வதைவிட ஒருத்தியின் கை கெட்டுவிட்டது என்று சொல்வது அவனுக்கு லேசாக இருந்தது.

"ஜெட்டு சுத்தமா இருக்குண்ணே. எந்திரமும் ஆள் பாக்கும். வீட்டுல யாரு கை படுதுன்னு கவனிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

இந்த மூன்று மண்டையையும் சேர்த்து இடித்தாலும் ஒரு ஆழாக்கு மூளை தேறாது என்று அன்னக்கொடிக்குத் தெரியும். இருந்தும் வெட்கக்கேடு என்னவென்றால், அவளே கொஞ்சம் நம்பினாள். சோறு வடிக்கும்போது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைத் தடவப் போனவள் பாதியில் கையை இழுத்துக்கொண்டாள். அப்படி இழுத்துக்கொண்டதற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளை வேறு இல்லை. செல்லத்தாய் தன் தம்பி மகளை மகனுக்குக் கேட்டுவிட்டாள் என்றும், பஞ்சாயத்தில் வைத்துக் கல்யாணத்தை முறித்து இவளைத் தீர்த்துவிடப் போகிறார்கள் என்றும் கிணற்றடியில் பேச்சு வந்தது. வெள்ளைத்துரையிடம் கேட்டதற்கு, "அம்மாவைக் கேளு" என்றான்.

அம்மாவைக் கேட்கத் தேவையில்லாதபடி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவள் துணிமணியை மூட்டை கட்டச் சொன்னார்கள். அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட மாட்டுவண்டி இருந்தது, மாடுதான் இல்லை. மோட்டாரிலேயே போவது என்று முடிவாயிற்று. ராசியில்லாதவளை அதில் ஏற்றலாமா என்ற கேள்விக்கும் செல்லத்தாய் வழி வைத்திருந்தாள். "கைதான ஆகாது. கையை மடக்கிக்கிட்டு ஒக்காரச் சொல்லு" என்றாள். ராசியுள்ள கை எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக அன்றைக்கு அவளே குனிந்து, மூடிமேல் சுவருக்கு மண் பூசுகிறமாதிரி சந்தனத்தை அப்பினாள்.

புதுக்கோட்டையைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனார்கள். வண்டி இருமியது, தும்மியது, ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து நின்றது.

"கை பட்டுச்சா?" என்று திரும்பிக் கேட்டான் வெள்ளைத்துரை.

"மடக்கித்தான வச்சிருக்கேன். இன்னைக்கு உங்க ஆத்தா கைதான பட்டுச்சு" என்றாள்.

அவன் மூடியைத் திருகினான். அப்போது உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. எப்போதும் வருகிற சத்தம்தான். மூடியைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளைத்துரை யாரையாவது வைதுகொண்டிருந்ததால் அவன் காதில் அது விழுந்ததே இல்லை. இன்றைக்கு அவனுக்கு வைய வாய் வரவில்லை. அன்னக்கொடிக்குத் தெளிவாகக் கேட்டது.

அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். கல்யாணத்துக்கு முன் அண்ணன் அழகுமலையின் கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றியவள் அவள். டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டுச் சாய்த்தால் எண்ணெய் கொஞ்சம் வந்து அப்படியே நின்றுகொள்ளும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை போட்டால் உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி ஊற்றும். கடை வைத்திருக்கிறவன் எவனுக்கும் தெரிந்த சங்கதி.

"அந்த மூடியை இங்க குடுங்க" என்றாள்.

"கை வைக்காத."

பிடுங்கிக்கொண்டாள். செல்லத்தாய் அப்பிய சந்தனத்தை நகத்தால் சுரண்டினாள். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. துளைக்குள்ளும் சந்தனம் இறுகிக் கிடந்தது. ரோட்டோரத்துக் கருவேலத்தில் ஒரு முள்ளை ஒடித்துக் குத்திக் குத்தி எடுத்து, வாய் வைத்து ஊதிப் பார்த்தாள். காற்று போயிற்று.

"காத்துப் போகத்தான் இந்த ஓட்டையை வச்சிருக்கான். அதை அடைச்சா எண்ணெய் எப்படி எறங்கும்? வாரா வாரம் பொட்டு வச்சு அடைச்சிருக்கோம். நானுந்தான், உங்க ஆத்தாளுந்தான். அங்கிட்டு அவன் ஜெட்டைப் போட்டு நோண்டிக்கிட்டு இருக்கான்."

"மூடியில போயி எவனாச்சும் ஓட்டை வைப்பானா? வெள்ளைக்காரன் என்ன கேணையனா?" என்று சிரித்தான் வெள்ளைத்துரை. சிரித்துக்கொண்டே உதைத்தான்.

வண்டி கிளம்பியது. இருமுகிற தூரம் தாண்டியது. மறுபடி நிற்கவேண்டிய தூரமும் தாண்டியது. முத்திருளன் குடைந்து வைத்த ஜெட்டின் புண்ணியத்தில் கரும்புகை விட்டதே தவிர நிற்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி மடக்கியிருந்த கைகளைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். இப்போதே வண்டியைத் திருப்புவான் என்று நினைத்தாள். அடுத்த புளியமரத்தில் திருப்புவான், அதற்கடுத்த மரத்தில் திருப்புவான் என்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

செக்கானூரணி வந்துவிட்டது. அண்ணன் கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வெள்ளைத்துரை வண்டியை நிறுத்தினான். அவன் முகத்தில் அம்புட்டு சந்தோஷம். மூடியைத் தடவிக் கொடுத்தான்.

"நீ சொன்னது சரிதான் புள்ள" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா இதை யாருகிட்டயும் சொல்லிராத. ஆறு மாசமா பொட்டு வச்சு அடைச்சுட்டு ஜெட்டைக் குடைஞ்சோம்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். அம்மாவுக்கும் அசிங்கம்."

"அப்ப என் கைக்கு ராசியில்லன்னு சொன்னது?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். நாளாவட்டத்துல மறந்துருவாக. கொஞ்ச நாள் இங்கன இரு, நானே வந்து கூட்டிக்கிறேன்."

அன்னக்கொடி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருசம் அவனை முட்டாள் என்று நினைத்து மன்னித்துக்கொண்டிருந்தாள். முட்டாளோடு குடித்தனம் செய்துவிடலாம், ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் அதைத்தான் செய்கிறார்கள். இவன் முட்டாள்கூட இல்லை. மூட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

அழகுமலை கல்லாவிலிருந்து எழுந்து வந்தான். "என்ன தாயி, மூட்டையோட வார? மாப்ள அங்கிட்டே நிக்கிறாரு?"

"பஞ்சாயத்தைக் கூட்டுண்ணே. என்னைத் தீத்து விடச் சொல்லு."

"ராசியில்லன்னு அவுக சொன்னாகளாம்ல, அதுக்கா? அதையெல்லாம் பேசிச் சரிக்கட்டிரலாம் தாயி."

"அதுக்கு இல்ல. அது பொய்யின்னு தெரிஞ்ச பின்னாடி அவரு ஒண்ணு சொன்னாரு. அதுக்கு."

மாப்பிள்ளை அப்படி என்ன சொன்னார் என்று கேட்க அழகுமலை வாயெடுத்தான். தெருவில் மோட்டார் ஒரே உதையில் கிளம்பி, கிழக்கே போயிற்று.