குட்டி சாப்லி

அமெரிக்காவின் மில்பிடாஸில் மயில்சாமியை கம்பெனி டைரக்டர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். உறவுக்காரர்கள்கூட பெயருக்கு முன்னால் அந்தப் பட்டத்தைத்தான் சொல்வார்கள். கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது மனிதரை வீட்டுக்கு அனுப்பியதோடு பட்டத்தையும் பிடுங்கிக்கொண்டது. ஐம்பது தாண்டியவரை யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? அலைந்து சலித்து, சான்டா கிளாராவில் ஒரு ஒயின் கடையில் சேர்ந்தார். ஆபீஸ் விருந்துகளில் தொற்றிக்கொண்ட ஆசை இப்போது சோறு போட்டது.

மனைவி சாந்தாமணி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. வீட்டுக்குள் முட்டை நுழையவே யோசிப்பவள். வேலைக்குப் போகவேண்டாம் என்று அவள் தடுக்கவில்லை. ஆனால் கோயிலில் யாராவது விசாரித்தால், "கன்சல்ட்டிங் பண்றாருங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். மயில்சாமிக்கு அதுதான் தைத்தது. வேலை போனதைத் தாங்கிக்கொண்டவரால், கட்டியவள் தன்னை வெளியே சொல்லக் கூசுவதைத் தாங்க முடியவில்லை.

கடையில் நிலைக்க ஒரு பரீட்சை எழுதவேண்டும். எல்லாம் பிரெஞ்சு ஒயின்களின் பெயர்கள். சாயங்காலம் அவள் கீரை ஆயும்போது எதிரே உட்கார்ந்து ஒப்பிப்பார்.

"அங்க ஒயினுக்கு ஊர் பேருதான் பேரு. எந்த மண்ணுல விளைஞ்சா எந்தப் பேருன்னு கவர்மென்ட்டே கோடு போட்டு வெச்சிருக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கம் சாப்லி. அந்தப் பக்கம் பெத்தி சாப்லி, அதாவது குட்டி சாப்லி. ஒரு படி மட்டம்."

"ரெண்டும் வேற வேற திராட்சைங்களா?"

"ஒரே திராட்சைதான்."

"அப்பறம் என்னத்துக்கு குட்டின்னு சொல்லோணும்? பாவம்!" என்றாள், கீரையிலிருந்து தலை நிமிராமல்.

ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் சாமி முன்னால் சந்தனம் குங்குமத்தோடு அவருடைய ஆபீஸ் லேப்டாப் இருக்கும். இந்த வருஷம் எதை வைப்பாள்? ஒன்றுமே வைக்காவிட்டால்? கேட்கத் தைரியமில்லாமல் காலையிலேயே நடக்கக் கிளம்பிவிட்டார் மனிதர்.

திரும்பி வந்தபோது பக்கத்துத் தெரு வெங்கடகிருஷ்ணன் சுண்டல் கிண்ணத்தோடு சாமி அலமாரி முன் நின்றிருந்தார். மயில்சாமியும் எட்டிப் பார்த்தார். அவளுடைய காய் நறுக்கும் கத்தி, கத்தரிக்கோல், நடுவில் அவர் ஒயின் பாட்டில் திறக்கும் கார்க் ஸ்க்ரூ. கைப்பிடியில் சந்தனப் பொட்டு, மேலே ஒரு சாமந்திப்பூ.

"என்ன மயில்சாமி, சாமிகிட்ட கார்க் ஸ்க்ரூ? ஈவினிங் பார்ட்டியா?" என்று சிரித்தார் வெங்கடகிருஷ்ணன்.

"இல்ல சார், கன்சல்ட்டிங்ல ஒரு..." என்று மயில்சாமியே இழுக்க ஆரம்பித்தார்.

"கன்சல்ட்டிங்கெல்லாம் இல்லீங்கண்ணா" என்று சமையலறையிலிருந்து வந்தாள் சாந்தாமணி. "இவரு ஒயின் கடைல வேலை பாக்கறாருங்க. அதுதான் இவரு ஆயுதம். எக்ஸாமுக்குப் படிக்கறாரு. கேட்டுக் கேட்டு எனக்கே பாதிப் பேரு மனப்பாடம்."

மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து, அவள் நீட்டிய சுண்டலைத் தின்றார்.

மாலை வேலைக்குக் கிளம்புகையில் கார்க் ஸ்க்ரூவை எடுக்கப் போனவரை அவள் தடுத்தாள். "ஏனுங்க, பூஜைல வெச்சதை இன்னைக்குத் தொடக் கூடாது. நாளைக்கு எடுத்துக்கலாம்."

கடையில் கை வீசிக்கொண்டு வந்து நின்றவரிடம் முதலாளி கார்க் ஸ்க்ரூ எங்கே என்று கேட்டார். மயில்சாமி சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தன் மனைவி அதைச் சாமி முன்னால் வைத்திருக்கிறாள் என்று.