ஒரு கைக்கு ஏற்ற புத்தகம்

இரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்குக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இடது கையில் ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. செங்கல் கனத்துக்கு இருக்கும் துப்பறியும் நாவலை மற்ற கையால் பிடிக்கலாம். பக்கம் திருப்ப முடியாது. அதனால் மனைவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருந்தாள். அவர் தலையை ஆட்டினால் ஒரு பக்கம்.

முன்பு அவள் வேலை பார்த்த திரைச்சீலைக் கடையிலிருந்து இப்போது மறுபடியும் கூப்பிட்டார்கள். காலை வேலை, டயாலிசிஸும் அதே நேரம்தான். திங்கட்கிழமையே வர முடியுமா என்று கேட்டார்கள். "போகணும்னு ஆசையாத்தான் இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் மெக்கானிக்குக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சனிக்கிழமை இருவரும் இ-புக் ரீடர் வாங்கக் கிளம்பினார்கள்.

கடைப்பெண் இரண்டை எடுத்து வைத்தாள். ஒன்று மெலிசு, திரையைத் தொட்டால் பக்கம் மாறும். இன்னொன்று கொஞ்சம் தடி, ஓரத்தில் இரண்டு பட்டன்.

மெக்கானிக் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இடது கையை மேஜைமேல் கட்டை மாதிரி நீட்டினார்.

"கை வலிக்குதா சார்?"

"இல்லம்மா. அது லீவுல இருக்கு."

மெலிசான ரீடரைக் கட்டைவிரலால் தொட்டார். பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

"பட்டன் வச்சதையும் பாருங்க சார்."

"முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் பார்த்தவன்மா நான். அதுல முதல்ல மண்டையைப் போடுறது பட்டன்தான்."

"ஜனங்க குத்துற குத்துக்கு அது வேற என்ன பண்ணும்?" என்ற மனைவி, கையோடு கொண்டுவந்திருந்த ஆஸ்பத்திரிப் பையிலிருந்து கம்பளிக் கையுறையை எடுத்தாள். "வலது கையை நீட்டுங்க."

"இங்க எங்க குளிருது?"

"இங்க இல்ல, அங்க. ரெண்டாவது மணி நேரத்துல உங்க விரல் ஐஸ் ஆயிடும். ஒவ்வொரு தடவையும் நான்தானே மாட்டிவிடுறேன். கதையில தலையை விட்டுட்டு இருந்தா உங்களுக்கு எங்க தெரியப்போகுது?"

தன் கையில் கையுறை எப்போது ஏறுகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

கையுறையோடு மெலிசைத் தொட்டார். அசையவில்லை. தட்டினார், தேய்த்தார். அது பாட்டுக்குப் பேசாமல் இருந்தது. தடியான ரீடரின் பட்டனை அமுக்கினார். பக்கம் மாறியது. நடுவில், ஓரத்தில், சாய்த்து என்று இருபது தடவை அமுக்கிப் பார்த்த பிறகே விட்டார்.

"ஸ்பிரிங் பரவாயில்ல. இனிமே கையுறையை வீட்டுலயே மாட்டிக்கிட்டுப் போயிடறேன்."

அவள் வாசலுக்குப் போய்த் திரைச்சீலைக் கடைக்கு ஃபோன் போட்டாள்.

திங்கட்கிழமை ஊசி ஏறி இரண்டு மணி நேரம் ஆனபோது அவர் மார்பின் மேல் கிடந்த பட்டன் ஃபோன் அடித்தது. தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவே மனைவி.

"எந்த இடத்துல இருக்கீங்க?"

"நாற்பத்திரண்டு சதவீதம்."

"பால் கணக்கா கேட்டேன்? நாம பாதியில விட்ட கதையில அந்த டாக்டர் மாட்டிக்கிட்டாரா இல்லையா?"

"நீயும் படிச்சுக்கிட்டா இருந்த?"

"பின்ன, சுவரையா பார்த்துக்கிட்டு இருந்தேன்? சொல்லிடாதீங்க. நான் வர்ற வரைக்கும் அங்கயே நிறுத்துங்க."

"மிச்ச ரெண்டு மணி நேரம் நான் என்ன பண்றது?"

"அதுல ஆயிரம் புத்தகம் பிடிக்கும்னு அந்தப் பொண்ணு சொன்னாளே. வேற ஒண்ணு படிங்க."

மெக்கானிக் டாக்டரை அங்கேயே விட்டுவிட்டு, புதுக் கதை ஒன்றைத் திறந்தார்.